சமைக்க முடியாத மைக்ரோவேவ்

எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம். பேருந்தில் முன்பின் தெரியாத ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தால், எதற்குச் சிரித்தார் என்று இரண்டு நிறுத்தம் வரை யோசிப்பேன். என் கணவர் இருந்தவரை இதைச் சொல்லிச் சொல்லியே கேலி செய்வார். அவர் காலமானார், மகன் ஈசூனிலும் மகள் செங்காங்கிலும் வீடு வாங்கிக்கொண்டு போனார்கள். தோ பாயோவில் நான் இருக்கும் அடுக்குமாடி வீட்டில் ஓர் அறை சும்மா கிடந்தது. வாடகைக்கு விடலாமே என்று மகள் சொன்னாள். சரி என்றேன். சந்தேகப்பட எனக்கும் வீட்டில் ஒரு ஆள் வேண்டியிருந்தது.

இங்கே அறை விடுகிறவர்கள் விளம்பரத்தில் தவறாமல் ஒரு வரி போடுவார்கள்: லேசான சமையல் மட்டும். அதற்கு என்ன பொருள் என்று விடுகிறவருக்கும் தெரியும், வருகிறவருக்கும் தெரியும். வெந்நீர் வைக்கலாம், நூடல்ஸ் கிண்டலாம், வாங்கி வந்ததைச் சூடாக்கலாம். அடுப்புப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது. நானும் அப்படியே போட்டேன். பெண்கள் மட்டும், குழந்தை இல்லாதவர், லேசான சமையல் மட்டும். ஆனால் அடுப்பைத் தொடாதே என்று சொன்னால் சூடாக்க வேறு வழி காட்ட வேண்டுமே. அதற்காகத்தான் மைக்ரோவேவ் வாங்கப் போனேன். அதுவரை என் வீட்டில் அந்தச் சாமான் கிடையாது. அதிலிருந்து கதிர்வீச்சு வெளியே வரும் என்று யாரோ சொன்னதை இருபது வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

தேக்கா கடைத்தெருவில் ஒரு கடை. விற்பனையாளர் நாற்பது வயதுக்காரர், நம் ஆள். நான் வாய் திறக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"மூணு டைப் இருக்குக்கா. சோலோன்னா சூடு மட்டும் பண்ணும். கிரில் வச்சதுன்னா மீனு, கோழியெல்லாம் மேல செவந்து வரும். கன்வெக்‌ஷன் எடுத்தீங்கன்னா கேக்கே சுடலாம். எல்லாரும் இதத்தான் எடுக்குறாங்க லா."

எல்லாரும் எடுக்கிறார்கள் என்று ஒருவர் சொன்னால், அது யாரும் எடுக்காமல் கிடக்கிற சரக்கு என்பது என் எண்ணம்.

"இதுல கோழி வேகுமா?"

"சூப்பரா வேகும்க்கா."

"அப்ப வேணாம். அந்த நடுவுல இருக்கறதுல மீன் பொரிக்கலாமா?"

"பொரிச்ச மாதிரியே வரும்."

"அதுவும் வேணாம்."

அவர் தலையைச் சொறிந்தார். "அக்கா, எல்லாரும் இது என்னென்ன செய்யும்னு கேப்பாங்க. நீங்கதான் என்னென்ன செய்யாதுனு கேக்குறீங்க."

அறைக்கு ஆள் வரப்போகிறது, அதற்குத்தான் என்றேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே குனிந்து, அடித்தட்டிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை இழுத்தார். சோலோ. இரண்டே திருகு, ஒன்று சூட்டுக்கு, ஒன்று நேரத்துக்கு. "இதுல ஒழுங்கா சோறுகூட வைக்க முடியாதுக்கா. பவர் கம்மி. தட்டும் சின்னது." நான் கையை உள்ளே விட்டு அளந்து பார்த்தேன். கொஞ்சம் பெரிய பாத்திரம் வைத்தால் சுற்றாமல் சுவரில் இடிக்கும். எனக்கு அது போதும். எவர்சில்வர் வைக்காதீர்கள், பொறி பறக்கும், பின்பக்கம் கை நுழைகிற அளவு இடம் விடுங்கள் என்று அவர் நல்லதுதான் சொன்னார். அதையும் நான் வீட்டுக்கு வந்து புத்தகத்தில் படித்துப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

அடுத்த வாரம் அந்தப் பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். திருச்சிப் பக்கம், கம்ப்யூட்டர் வேலை. மெலிந்த உடம்பு, கண்ணுக்குக் கீழே கருப்பு. கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டேன். ஆகிவிட்டது, கணவர் ஊரில் இருக்கிறார் என்றாள். குழந்தை?

"இல்ல ஆன்ட்டி."

கேள்வியை நான் முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. அதை மனதில் குறித்துக்கொண்டேன். மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. செருப்பை வாசலில் ஒழுங்காக விட்டாள், குளியலறையில் முடி கிடக்காது, சத்தமாகப் போன் பேசமாட்டாள். இவ்வளவு ஒழுங்காக ஒருத்தி இருந்தால் என்னைப் போன்றவளுக்கு எப்படித் தூக்கம் வரும்?

முதல் வாரத்திலேயே பிடித்துவிட்டேன். விடிகாலையில் மைக்ரோவேவ் ஓடுகிற சத்தம். நின்றது. மறுபடி ஓடியது. மறுபடி நின்றது. நான்கு தடவை. நான் எழுந்து போவதற்குள் அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டாள். பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். வாசனையே இல்லை. குழம்பு வாசனை வந்தால் திருட்டுத்தனமாகச் சமைக்கிறாள் என்று சண்டை போடலாம். ஒன்றுமே இல்லாத வாசனையை வைத்து என்ன சண்டை போடுவது? உள்சுவரில் நீர் முத்து முத்தாக நின்றது. நான்கு தடவை தண்ணீரை மட்டும் சூடாக்குகிறவள் யார்?

அதோடு அவள் அறையிலிருந்து சின்ன மோட்டார் ஓடுவது போல ஒரு சத்தம். காலையில் ஒரு தடவை, வேலையிலிருந்து வந்ததும் ஒரு தடவை. கதவில் காது வைத்துக் கேட்டேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. வைத்துத்தான் கேட்டேன். மகளுக்குப் போன் போட்டால், "அம்மா, சும்மா இருங்கம்மா, ஹேர் டிரையரா இருக்கும்" என்று சிரித்தாள். தலைமுடி காயாமலே வெளியே வருகிறாள் என்று நான் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாவது வாரம், வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை என்றால் நான் வீடு கழுவி, ஃபிரிட்ஜைத் துடைத்து, சாமி படத்துக்குப் பூ வைப்பேன். உறைபெட்டியில் என் துருவிய தேங்காய்க்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தது. திறந்தேன். தட்டையான சின்னச் சின்னப் பைகள், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. உள்ளே வெளிர் மஞ்சளாக ஏதோ உறைந்து கிடந்தது. பெயர் இல்லை. ஒவ்வொன்றிலும் பேனாவால் தேதியும் நேரமும் மட்டும்.

முகத்துக்குப் பூசும் களிம்பு செய்து விற்கிறாளா என்று முதலில் நினைத்தேன். பிறகு எண்ணம் வேறு பக்கம் போயிற்று. இந்த ஊரில் போதைப்பொருளை வீட்டில் வைத்திருந்தால் என்ன தண்டனை என்று எல்லாருக்கும் தெரியும். வீடு என் பெயரில். நாளை யாராவது வந்து கதவைத் தட்டினால் பதில் சொல்ல வேண்டியவள் நான். அவளைக் கேட்கலாம். கேட்டால் உண்மையா சொல்லப்போகிறாள்? குழந்தை இல்லை என்று கேள்வி முடியும் முன்பே சொன்னவள்தானே.

அடுக்களைச் சுவரில் குப்பை போடுகிற குழாயின் மூடியைத் திறந்தேன். ஒவ்வொரு பையாகப் போட்டேன். ஒன்பதாவது மாடியிலிருந்து அவை இடித்து இடித்துக் கீழே போகிற சத்தம் கேட்டது. டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாமிக்கு விளக்கேற்றினேன். மனசு லேசாகிவிட்டது போலத்தான் இருந்தது.

சாயங்காலம் வந்தாள். கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பையை எடுத்துக்கொண்டு நேராக உறைபெட்டியைத் திறந்தாள். திறந்தபடியே நின்றாள். தேங்காயை நகர்த்தினாள். ஐஸ் தட்டை வெளியே எடுத்துப் பார்த்தாள். பாத்திரம் கழுவும் இடத்தில் கவிழ்ந்திருந்த டப்பாவை அப்போதுதான் கண்டாள்.

"ஆன்ட்டி, இதுல இருந்த பால் எங்க?"

"என்ன பால்?" என்றேன். அந்தக் கேள்வி என் வாயிலிருந்து வந்துகொண்டிருக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. கருவளையம், விடிகாலைச் சத்தம், தேதி, நேரம் எல்லாம் தெரிந்துவிட்டது.

அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். ஏழு மாதப் பெண் குழந்தை. கணவரிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். விடுப்பு முடிந்ததும் வேலைக்குத் திரும்பாவிட்டால் வேலை போய்விடும். குழந்தையை இங்கே அழைத்துவர அனுமதி கேட்டு எழுதிப் போட்டிருக்கிறார்கள், பதில் வரவில்லை. வரும் வரை பால் வற்றிவிடக்கூடாது என்று மெஷின் வைத்து எடுத்துக்கொண்டிருக்கிறாள். புதன்கிழமை ஊருக்கு ஐந்து நாள் போகிறாள். அப்போது குழந்தைக்குக் கொண்டுபோக மூன்று வாரமாகச் சேர்த்தது.

"கைக்குழந்தை இருக்குனு சொன்னா யாரும் அறையவே காட்டலை ஆன்ட்டி. உங்க விளம்பரத்துலயும் அதான் போட்டிருந்துச்சு. அதான் இல்லைனு சொல்லிட்டேன். தப்புதான்."

மைக்ரோவேவைப் பற்றியும் அவளே சொன்னாள். பால் பாட்டில்களையும் மெஷின் பாகங்களையும் கிருமி போக ஆவியில் வைக்கும் பெட்டி ஒன்று ஊரிலிருந்து கொண்டுவந்திருக்கிறாள். எல்லாவற்றையும் ஒரே தடவையில் வைத்துவிடலாம். ஆனால் என் வீட்டு மைக்ரோவேவில் அது சுற்றவில்லை, சுவரில் இடித்தது. அதனால் மைக்ரோவேவில் வைக்கிற ஒரு பையில் தண்ணீர் விட்டு, அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, நான் எழுந்திருப்பதற்குள் முடிக்கப் பார்த்திருக்கிறாள். கடையில் கையை விட்டு அளந்து அளந்து நான் வாங்கியதன் பலன் அது.

எனக்கும் இரண்டு பிள்ளைகள். மூத்தவன் பிறந்து இரண்டு மாதத்தில் வேலைக்குத் திரும்பியவள் நான். அலுவலகக் கழிப்பறையில் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, பாலைப் பிழிந்து கழுவும் தொட்டியில் விட்டிருக்கிறேன். சட்டை நனைந்தால் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்திருக்கிறேன். இதெல்லாம் தெரிந்த எனக்கு, அந்தப் பையைக் கையில் எடுத்துப் பார்த்தபோது போலீஸ்தான் நினைவுக்கு வந்தது. என் புத்தியை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

"நான்தாம்மா எடுத்துப் போட்டேன்" என்றேன். கையால் குப்பைக் குழாயைக் காட்டினேன்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் கையிலிருந்த அந்த ஒரு பையைப் பார்த்தாள். உதடு அசைந்தது, விரல்கள் மடங்கி மடங்கி விரிந்தன. புதன்கிழமைக்குள் எவ்வளவு சேரும் என்று எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. எண்ணி முடித்ததும் நிமிர்ந்தாள்.

"ஆன்ட்டி, இனி அடிக்கடி பால் எடுக்கணும். புதன்கிழமை வரைக்கும் மைக்ரோவேவ இன்னும் ரெண்டு மூணு தடவ கூடப் போட்டுக்கட்டுமா?"

என்னிடம் அனுமதி கேட்கிறாள். "எத்தன தடவ வேணும்னாலும் போடும்மா. அடுப்பு வேணும்னாலும் எடுத்துக்க" என்றேன். உறைபெட்டியிலிருந்த என் மீனையும் தேங்காயையும் ஐஸ் தட்டையும் ஒன்றுவிடாமல் வெளியே எடுத்தேன். மன்னிப்பு என்று ஒரு வார்த்தையும் சொன்னேன். "பரவால்ல ஆன்ட்டி" என்றாள். பரவாயில்லை என்று அவள் முகத்தில் எங்கும் இல்லை.

மறுநாள் அவள் வெளியே போன பிறகு உறைபெட்டியைத் திறந்தேன். அவ்வளவு பெரிய இடத்தையும் விட்டுவிட்டு, மூலையில் அந்த டப்பாவை வைத்திருந்தாள். உள்ளே மூன்று பைகள். மூன்றிலும் தேதிக்கும் நேரத்துக்கும் கீழே, கண்ணாடி போடாமலே நான் படிக்கிற அளவு பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள்: "என் பாப்பாவோட பால். தூக்கிப் போட்டுடாதீங்க."