அக்காவின் வலது தோள்

என் அக்காவைப் பொறுமைசாலி என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும். பொறுமை வேறு, மனசுக்குள் கறுவிக்கொண்டு நேரம் பார்ப்பது வேறு. அக்கா இரண்டாவது ரகம். நானாக இருந்தால் அன்றைக்கே கத்தித் தீர்த்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பேன்.

ஆறு கடலில் சேருகிற முகத்துவாரத்தில், இடுப்பளவு தண்ணீரில் வரிசையாக நின்று வலை வீசுவதுதான் எங்கள் ஆட்களின் தொழில். நான் கரையில் கூடையோடு நின்று விற்பனையைப் பார்க்கிறவள். அந்தக் கலங்கல் தண்ணீரில் மீன் எங்கே இருக்கிறது என்று மனிதக் கண்ணுக்குத் தெரியாது. டால்பின்களுக்குத் தெரியும். மடவை மீன் கூட்டத்தைக் கடல் பக்கமிருந்து ஓட்டி வந்து எங்கள் வரிசையோடு நெருக்கும். பிறகு ஒன்று யாராவது ஒருவருக்கு எதிரே எழும்பி, முதுகை வளைத்து, சட்டென்று தலையை முக்கும். அதுதான் குறி. குறி கிடைத்தவர் உடனே வீச வேண்டும். வலைக்குத் தப்பிச் சிதறுகிற மீன் டால்பினுக்கு. வெளிக்கடலில் சுழன்று சுழன்று துள்ளுகிற சின்ன ஜாதி ஒன்று உண்டு, அது இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. இங்கே வருகிற பெரிய ஜாதியிலும் சில குடும்பங்கள்தான் இந்த வேலை செய்யும். குட்டி வருஷக்கணக்கில் தாயோடு ஒட்டிக்கொண்டு நீந்தித்தான் இதைக் கற்றுக்கொள்ளும்.

குறி வராமல் வலை விழுந்தால் மீன் மொத்தமும் கலைந்துவிடும், எல்லோருக்கும் நஷ்டம். அதனால் வரிசைக்கு ஒரு சட்டம். மூன்று தடவை பொய் வீச்சு வீசினால் கடைசி இடத்துக்குப் போக வேண்டும். கடைசி இடத்திலும் மூன்று வீசினால் கரையேறி வலையை ஆணியில் மாட்ட வேண்டியதுதான், பிறகு வரிசையில் இடம் கிடையாது. முதல் இடம் ஆழத்தை ஒட்டியது, மீன் முதலில் முட்டுகிற இடம். அது அத்தானுடையது. அக்கா அவருக்கு அடுத்து நின்றாள். அத்தான் காய்ச்சலில் போய்ச் சேர்ந்ததும் அக்காவுடைய கொழுந்தன் நேராக வந்து அந்த இடத்தில் நின்றுகொண்டான்.

"அண்ணன் இடம் தம்பிக்குத்தானே அண்ணி?" என்றான்.

வரிசை முழுக்க மண்ணாந்தை மாதிரி தலையாட்டியது.

கொழுந்தனுக்குக் குறி பார்க்கவே தெரியாது, டால்பின் சும்மா முங்குவதும் குறிக்காக முங்குவதும் அவனுக்கு ஒன்றுதான். இது அக்காவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம். எதிரே குறி விழுந்தால், வீசும் முறை தன்னுடையதாக இல்லாவிட்டாலும், பழக்க தோஷத்தில் அக்காவின் வலது தோள் ஒரு விரல் அளவு மேலே ஏறும். அவன் தண்ணீரைப் பார்ப்பதில்லை, அந்தத் தோளைப் பார்த்து வீசுவான். குடும்ப மானம் என்று அக்கா வாயைத் திறக்கவில்லை.

அதற்கும் ஒரு முடிவு வந்தது. கிழிசல் என்று ஒரு தாய் டால்பின். முதுகுத் துடுப்பில் கிழிந்த சேலைத் தலைப்பு மாதிரி ஒரு வெட்டு இருக்கும். அத்தான் காலத்திலிருந்து அக்காவுக்குக் குறி கொடுப்பது அதுதான். அந்த வருஷம் அதோடு ஒரு குட்டி வந்தது. குட்டியும் தலையை முக்கிப் பார்க்கும், எதிரே மீனும் இருக்காது ஒன்றும் இருக்காது. அக்கா சிரித்துச் சிரித்துக் கண் கலங்குவாள். கொழுந்தனுக்குப் பேராசை. யாருக்கும் தெரியாமல் முகத்துவாரத்தின் குறுக்கே செவுள் வலையைக் கட்டிவைத்தான். மேலே வந்து மூச்சு விட முடியாமல் குட்டி அதில் மாட்டிச் செத்தது. அக்காதான் அறுத்தெடுத்தாள். மூக்கைச் சுற்றி நூல் பதிந்த கோடுகள். மிதவைகளெல்லாம் அவன் வீட்டு நீல எண்ணெய் டப்பாக்கள்.

"கடல்ல சாவு சகஜம் அண்ணி. இதுக்குப் போய் இப்படி அழுறீங்களே," என்றான்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

மறுவாரம் மீன் நெருங்கியிருந்த நேரம், தண்ணீர் மட்டத்தில் ஒரு அசைவும் இல்லை, அக்காவின் தோள் ஏறியது. கொழுந்தன் வீசினான். வெறும் வலை. வரிசை முழுக்கத் திட்டியது. அக்காவின் கையில் வலை அப்படியே இருந்தது. யார் என்ன குற்றம் சொல்ல முடியும், தோளில் கொசு கடிக்காதா? சில நாள் விட்டு இரண்டாவது. நான் கரையில் கூடையால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தேன். மூன்றாவது வலை விழுந்தபோது மட்டும் கிழிசல் கிட்டத்தில் இருந்திருக்கிறது. வலையின் ஈயக் குண்டுகள் அதன் முதுகில் சடசடவென்று விழுந்தன. திரும்பிப் போய்விட்டது.

கொழுந்தன் கடைசிக்குப் போனான், அக்கா முதல் இடத்துக்கு வந்தாள். என்ன பிரயோஜனம்? கிழிசல் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. அக்கா சரியாகச் சாப்பிடவில்லை.

"அவன் மூக்கை உடைக்கப் போய் அவளை அடிச்சுட்டேன்டி," என்றாள்.

பிறகு ஒரு காலையில் கிழிசல் வந்தது. வந்து எங்கே நின்றது தெரியுமா? வரிசையின் கடைசியில், கொழுந்தனுக்கு நேர் எதிரே. விலா ஒட்டிப்போயிருந்தது. மடவையை அழகாக ஒதுக்கிக் கொண்டுவந்து, முதுகை வளைத்துக் குறி கொடுத்தது. அவன் பேந்தப் பேந்த விழித்தான். அக்கம்பக்கத்தில் நிற்பவர்களுக்கும் குறி தெரியாது, தெரிந்தால் ஏன் கடைசியில் நிற்கிறார்கள்? கடைசியில் அவன் கழுத்தை நீட்டி, அத்தனை ஆட்களையும் தாண்டி, முதல் இடத்தில் நின்ற அக்காவின் தோளைத் தேடினான்.

அக்கா கையைக் கட்டிக்கொண்டாள்.

நல்லா வேணும் என்று நான் வாய்விட்டே சொன்னேன். மீன் நழுவத் தொடங்கியது. கிழிசல் சுற்றி வந்து மறுபடியும் மடக்கி, மறுபடியும் தலையை முக்கியது. ஒரே ஆளுக்கு இரண்டாம் குறி கொடுத்து நான் பார்த்ததே இல்லை. அவ்வளவு பசி. அக்கா பல்லைக் கடித்தது எனக்குக் கரையிலிருந்தே தெரிந்தது. கட்டிய கையை அவிழ்த்தாள். தோள் ஏறியது.

கொழுந்தன் வீசினான். வலை கனத்தது. சிதறியதைக் கிழிசல் அள்ளி அள்ளித் தின்றது. அவன் யாரைப் பார்த்து வீசினான் என்பதை அன்று வரிசை மொத்தமும் பார்த்தது.

கரையேறியதும் அவன் தலையைச் சொறிந்துகொண்டு அக்காவிடம் வந்தான்.

"அண்ணி, ரொம்ப உபகாரம்."

"உனக்காகன்னு நினைச்சியா? அவ பட்டினி கிடக்கா, அதுக்காகத் தூக்கினேன்."

"நாளைக்கு?"

"நாளைக்கும் பாரு. நான் தோளைத் தூக்கினா நீ வீசித்தான் ஆகணும். மீன் இருக்கா இல்லையான்னு உனக்கு எங்க தெரியப் போகுது?"

அன்றிலிருந்து பார்த்துக்கொண்டுதான் நிற்கிறான். கிழிசல் எதிரே வந்தால் அக்கா ஒழுங்காகத் தோளைத் தூக்குகிறாள். அது வெகுதூரத்தில் இருந்தபோது இரண்டு தடவை சும்மாவும் தூக்கியிருக்கிறாள், இரண்டு தடவையும் அவன் வீசினான். மூன்றாவதை எப்போது தூக்கி அவனைக் கரையேற்றப்போகிறாய் என்று நான் நச்சரித்துக்கொண்டே இருக்கிறேன்.

"இருக்கட்டும்டி," என்கிறாள். "அவன் தினமும் பயந்துக்கிட்டே தண்ணியில எறங்கட்டும்."