நான்கு பருவமும் பார்த்த பிறகு

பலெர்மோவில் எங்கள் பங்குச் சனங்களில் பின்லாந்துக்கு நான்கு முறை போய்வந்த ஒரே ஆள் மாக்கிரட் அக்காதான். சுற்றுலா என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டு வேலைக்கு நிற்கும் பெண்ணுக்கு ஏது சுற்றுலா? எசமானி போனார், கைத்தாங்கலாக இவரும் போனார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் அக்கா அந்தக் கதையை எடுத்தால், பிரசங்கத்தில் தூங்கியவர்கள்கூட விழித்துக்கொள்வார்கள். நான் எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று கேட்டவள். அதனால் நான் சொல்கிறேன்.

அக்கா மன்னார்க்காரி. கணவர் பவுல் மீன்பிடிக்கப் போன படகு ஒருநாள் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை, கல்லறையும் இல்லை. கைக்குழந்தையாக இருந்த மகள் தர்சனாவைத் தங்கை புனிதமலரிடம் ஒப்படைத்துவிட்டு அக்கா இத்தாலிக்கு வந்து சேர்ந்தார். பலெர்மோவின் கால்சாப் பகுதியில், கடற்கரைப் பக்கத்துப் பழைய வீடொன்றின் மூன்றாம் மாடியில், சின்யோரா அஸ்ஸுந்தாவிடம் வேலை கிடைத்தது. சின்யோரா விதவை. முழங்கால் இரண்டும் பழுது, வாய் மட்டும் நல்ல சுகம்.

அந்த வேலையில்தான் அக்காவின் வாழ்க்கையே தொங்கிக்கொண்டிருந்தது. வேலையும் இருக்க இடமும் காட்டினால்தான் குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோரில் பெர்மேசோவை, அதாவது நாட்டில் தங்கும் அனுமதியைப் புதுப்பிப்பார்கள், மகளைக் கூப்பிடவும் விடுவார்கள். தர்சனாவோ போருக்குள் மடுவிலும் மன்னாரிலுமாக அலைந்துகொண்டிருந்தாள். அவளுக்காகக் கொடுத்த விண்ணப்பம் அரைவாசி வழியில் நின்றது.

அப்போதுதான் இடி விழுந்தது. சின்யோராவின் ஒரே மகள் ரொசாலியா பின்லாந்துக்காரர் ஒருவரைக் கட்டியிருந்தார். மாப்பிள்ளை யூக்காவுக்கு வார்க்கவுஸ் என்ற சிறிய நகரத்துக் காகித ஆலையில் பொறியியலாளர் வேலை. அம்மா நிரந்தரமாகத் தங்களோடு வந்துவிட வேண்டும் என்று மகள் பிடிவாதம் பிடித்தார். சின்யோரா லேசில் மசியவில்லை.

"நாலு பருவமும் அங்கை வந்து பாப்பன். அதுக்குப் பிறகுதான் முடிவு. அதுவரைக்கும் ஒருத்தரும் வாய் திறக்கப்படாது."

சின்யோரா போனால் வேலையும் அறையும் போய்விடும். தர்சனா வருவதும் போய்விடும். நான் அக்காவிடம் தெளிவாகச் சொன்னேன்.

"அக்கா, அந்த ஊரைப் பற்றி மறந்தும் ஒரு நல்ல சொல்லு சொல்லிப்போடாதேங்கோ."

"போடி விசரி," என்று சிரித்தார்.

முதலில் போனது 95ஆம் ஆண்டு கோடையில். வாசலில் கால் வைத்ததும் அக்கா பழக்கத்தில் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டார். பலெர்மோவில் அதற்காக எத்தனை தரம் ஏச்சு வாங்கியவர்! வெறுங்காலோடு நடந்தால் நோய் வரும், பார்ப்பதற்கும் மானக்கேடு என்பது சின்யோராவின் சட்டம். ஆனால் அந்த வீட்டில் எல்லோருமே வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார்கள். யூக்கா அக்காவின் காலைப் பார்த்துவிட்டு மனைவியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். "இவ எங்கட ஆள்" என்றாராம். சப்பாத்தோடு நடுவீட்டில் நின்ற சின்யோராவுக்கு முகம் சுருங்கிப்போனது. அக்கா குனிந்து, அவருடைய சப்பாத்தைக் கழற்றி, தடித்த கம்பளிக் காலுறையை மாட்டிவிட்டார். வீங்கிய பாதத்துக்கு அது சுகமாக இருந்தது என்று சின்யோரா ஒத்துக்கொள்ள இரண்டு நாள் எடுத்தது.

அந்த ஊரில் கோடையில் இரவு என்பதே பெயருக்குத்தான். வெளிச்சத்தில் கண் மூட முடியவில்லை, நாளைக்கே திரும்பிப் போவோம் என்று சின்யோரா துள்ளினார். நானாக இருந்தால் உடனே பெட்டியைக் கட்டியிருப்பேன். அக்கா என்ன செய்தார் தெரியுமா? போர்வைகளை எடுத்து யன்னல்களை மறைத்துக் கட்டினார். சின்யோரா குறட்டை விட்டுத் தூங்கினார். ஆலையிலிருந்து காற்று திரும்பும்போது வந்த அவித்த முட்டைக்கோவா மணத்துக்கும் சின்யோரா மூக்கைப் பொத்தினார். "எங்கட ஊரிலை கருவாடு காயிற நாளிலை வந்து பாருங்கோ சின்யோரா, இது பன்னீர்," என்று சொல்லி அதையும் சிரிப்பாக்கிவிட்டார் அக்கா.

இரண்டாவது பயணம் பெப்ரவரியில். ஏரி கல்லாக உறைந்து கிடந்தது. சனங்கள் அதன்மேல் நடந்தார்கள், ஒருவர் காரையே ஓட்டிப் போனாராம். அக்கா கரையிலேயே நின்றுவிட்டார். "தண்ணிக்கு மேலை நடந்தது யேசுநாதர் ஒருத்தர்தான், நான் மாட்டன்." ஆனால் தூரத்தில் ஒரு மனிதர் பனிக்கட்டியில் துளை போட்டுத் தூண்டிலோடு குந்தியிருந்ததைக் கண்டதும் மீன்பிடிக்காரரின் பெண்டாட்டிக்குக் கால் தானாக நடந்தது. அந்த மனிதர் தூண்டிலை நீட்டினார். கோடு போட்ட முதுகோடு ஒரு மீன் ஏறியது. கையோடு கொண்டுபோயிருந்த கறித்தூளைப் போட்டு அக்கா பொரித்தெடுக்க, சின்யோரா சாப்பாட்டுக் கோப்பையைப் பாண் துண்டால் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டார். குளிர்காலமும் தேறிவிட்டது.

மே மாதம் மூன்றாவது முறை போனபோது பனி உருகி, சேறும் சகதியுமாக இருந்த ஊர் ஒரு கிழமைக்குள் பச்சையானது. சின்யோரா பல்கனியில் வெயிலுக்கு முகத்தைக் காட்டியபடி இருந்து, "இது பரவாயில்லை," என்றார். ஆனால் அடுத்த பேச்சில் சின்யோராவே கதவைச் சாத்தினார்.

"என்ன இருந்தாலும் என்ர சால்வோ இஞ்சை இல்லை. அவரைத் தனிய விட்டிட்டு நான் வரமாட்டன்."

சால்வோ அவருடைய கணவர். பலெர்மோ மயானத்தில் அவரது கல்லறை இருந்தது. இறந்தோர் நாளில் செவ்வந்திப் பூவோடு போய், அங்கே ஒரு கதிரை போட்டு இருந்து, வருசம் முழுவதும் சேர்த்து வைத்த குறைகளையெல்லாம் சின்யோரா அவரிடம் கொட்டுவார். ஒரு வருசமும் தவறியதில்லை. அக்கா இதைச் சொன்னபோது நான் அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்தேன். கல்லறையைப் பெயர்த்துக்கொண்டா போக முடியும்? தர்சனா வந்த மாதிரித்தான் என்று நினைத்தேன்.

நான்காவது பயணம் நவம்பரில் விழுந்தது. இறந்தோர் நாளிலே சின்யோரா பின்லாந்தில் மாட்டிக்கொண்டார். காலையிலிருந்து அறையைவிட்டு வரவில்லை. பின்னேரம் யூக்காவின் தகப்பனுடைய கல்லறைக்கு விளக்கு வைக்க மகளும் மருமகனும் புறப்பட, அக்காவும் கூடப் போனார். நாலு மணிக்கே இருண்டுவிட்டது. பனிக்குள் மயானம் முழுவதும் விளக்கு. அக்காவுக்கு மன்னாரில் நிற்பதுபோல இருந்ததாம், பல்லு மட்டும் கிடுகிடுத்ததாம்.

அங்கேதான் அக்கா ஒரு பிழை விட்டார். எங்கள் ஊரில் அன்றைக்கு எந்தக் கல்லறையும் இருட்டில் கிடக்கக் கூடாது. ஆளில்லாத கல்லறையைக் கண்டால் யாராவது ஒரு திரி கொளுத்திவிட்டுத்தான் நகர்வார்கள். ஓரமாக ஒரு கல் பனி மூடி இருட்டாகக் கிடக்க, பாவம், கேட்பாரற்ற ஆத்துமா என்று அக்கா பனியைக் கையால் தள்ளி, விளக்கு வைத்து, முழந்தாளிட்டுச் செபமும் சொல்லத் தொடங்கிவிட்டார். நிமிர்ந்தால் எதிரே ஒரு வயதானவர், கையில் விளக்கோடு. அது அவருடைய மனைவியின் கல்லறை. மனிதர் வரக் கொஞ்சம் பிந்திவிட்டார், அவ்வளவுதான்.

ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்ற அவருக்கும் உடைந்த ஆங்கிலம், அக்காவுக்கும் உடைந்த ஆங்கிலம். என் மனைவியைத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது, இருட்டாக இருந்தது, அதுதான் வைத்தேன் என்றார் அக்கா. அவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு உன்னுடைய ஆட்கள் எங்கே என்று கேட்டார். கடலில், கல்லறை இல்லை என்று அக்கா சொல்ல, தன்னோடு வரும்படி கை காட்டி நடந்தார்.

மயானத்தின் மற்றப் பக்கத்தில் பெயரே இல்லாத ஒரு பெரிய கல். அதைச் சுற்றி நூற்றுக்கணக்கில் விளக்கு. வேறிடத்தில் கிடக்கும் தங்கள் ஆட்களுக்காக அந்த ஊர்ச் சனங்கள் கொளுத்தும் இடம் அது. போருக்குப் போன தன் அண்ணன் எந்த மண்ணில் கிடக்கிறானோ தெரியாது, அவனுக்கு இங்கேதான் வைப்பேன் என்று சொல்லி ஒன்றைக் கொளுத்தினார். அக்காவிடமும் ஒன்றைக் கொடுத்தார். பவுல் அத்தான் போன பிறகு அவருக்கென்று ஓரிடத்தில் அக்கா விளக்கு வைத்தது அதுதான் முதல் தடவை.

அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றபோதே அக்காவுக்கு விளங்கிவிட்டது. இதைச் சொன்னால், சால்வோவுக்கு இங்கேயே விளக்கு வைக்கலாம் என்று சின்யோரா குடிவந்துவிடுவார். சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ரொசாலியாவும் யூக்காவும் அப்போது தகப்பனுடைய கல்லறைப் பக்கம் நின்றார்கள்; இந்தக் கல் சால்வோவுக்கும் ஆகும் என்று அவர்களுக்குத் தோன்றவேயில்லை. நான் இன்றைக்கும் சொல்வேன், நானாக இருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன். பெற்ற பிள்ளையைவிட எசமானியா பெரிது?

"சொல்லாமல் வருவம் எண்டுதான் நினைச்சனான் ஸ்ரெல்லா," என்று அக்கா பிறகு என்னிடம் சொன்னார். "வீட்டை வந்தால் அந்த மனுசி சால்வோவின்ர படத்தை மடியிலை வைச்சு அழுதுகொண்டிருக்குது. எனக்கு இப்பதான் ஒரு இடம் கிடைச்சது. அதை எப்பிடியடி நான் ஒளிக்கிறது?"

அக்கா எல்லாவற்றையும் சொல்ல, அந்தப் பின்னேரமே மகளும் மருமகனும் இரண்டு பக்கமும் தாங்க, சின்யோரா அந்தக் கல்லடிக்குப் போனார். சால்வோவுக்கு ஒரு விளக்கு வைத்துவிட்டு வழக்கம்போலத் திட்டித் தீர்த்தார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "காது கேக்காத மனிசன், இஞ்சையும் அப்பிடியேதான் நிக்கிறார்," என்றார். முடிவு ஆகிவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

திரும்பும்போது அவர் அக்காவின் கையைப் பிடித்தார். மாக்கிரட் என்ற பெயர் அவர் வாயில் எப்போதும் மார்கரீத்தாதான். "நீ ஆருக்கு வைச்சனி, மார்கரீத்தா?"

அத்தனை வருசம் ஒரே வீட்டில் இருந்தும் பவுல் அத்தானுக்குக் கல்லறை இல்லை என்பதை அக்கா அவரிடம் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னார். காரில் ஏறியதும் சின்யோரா மகளிடம் சொன்னார்.

"நான் வாறன். ஆனால் இவளின்ர பிள்ளை பலெர்மோவிலை வந்து இறங்காமல் நான் கால்சாவை விட்டு அசையமாட்டன். இதிலை கதை இல்லை."

மகள் கோபித்தார், அழுதார். அந்த மனுசி மசியவில்லை. பழுதான முழங்காலோடு, ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு, குவெஸ்தூராப் படி ஏறி இறங்கினார். வரிசையில் நின்ற எங்கள் பெடியள் அவருக்கு இடம் விடுவார்கள். தான் போன பிறகு அக்கா நடுத்தெருவில் நிற்கக்கூடாது என்று அதே கட்டடத்தில் இருந்த தன் மைத்துனியிடம் வேலையும் அறையும் பேசி முடித்தார். பெற்ற மகளை ஒரு வருசத்துக்கு மேல் காக்க வைத்தார். 98ஆம் ஆண்டு தொடக்கத்தில் தர்சனா வந்து இறங்கினாள். பனி கரைகிற நேரம் பார்த்துச் சின்யோரா வார்க்கவுஸுக்குப் போனார். எங்கள் இனமில்லை, எங்கள் மொழியில்லை. அந்த மனுசிக்காக நான் இன்றைக்கும் செபத்தில் நன்றி சொல்கிறேன்.

அந்த வருச நவம்பரில் அக்காவும் தர்சனாவும் நானும் செவ்வந்திப் பூ வாங்கிக்கொண்டு சால்வோவின் கல்லறைக்குப் போனோம். அக்கா கல்லைக் கழுவி, பூ வைத்து, விளக்குக் கொளுத்தினார். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி அடித்தது. சின்யோரா. அவருடைய குரல் அறை முழுவதும் கேட்டது.

"மார்கரீத்தா, இஞ்சை பனி கொட்டுது. உன்ர பவுலுக்கு வைச்சிட்டு இப்பதான் வந்தனான். நல்லா எரியுது."

"சின்யோர் சால்வோவுக்கு நாங்களும் வைச்சிட்டம், சின்யோரா," என்றார் அக்கா.

கையில் தொலைபேசியோடு அப்படியே தரையில் இருந்துவிட்டார். பவுல் அத்தானுக்காக அக்கா அழுததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். தர்சனா போய்த் தாயின் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். நான் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனேன்.