நாய்க்கும் ஒரு விரதம்

எங்கள் நாயின் வாய் நாறியது. பெட்டாலிங் ஜெயாவில் வேலை முடித்து, ஜாமில் நொந்து, கிள்ளான் வீட்டுக்கு வந்து சேர்ந்தால் அது ஆசையாக முகத்தருகே வரும். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

"எல்லாம் நீ போடற நெத்திலிச் சோறு பண்ற வேல," என்று என் கணவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். தைப்பூச விரதத்துக்கு வீடே சைவமானபோது நாய்க்கும் பருப்புச் சோறு, தயிர்ச் சோறுதான். காவடி எடுக்காத குறை. விரதம் முடிந்தது. நாற்றம் கூடியிருந்தது.

அலுத்துப்போய் நாய் டாக்டரிடம் கொண்டுபோனேன். சின்ன வயதுப் பெண். நான் சொன்ன நெத்திலிக் கதையைக் கேட்டுவிட்டு நாயின் உதட்டைத் தூக்கிக் காட்டினாள். கடைவாய்ப் பல்லில் கல்லைப் போலப் பழுப்பாக ஏதோ படிந்திருந்தது. ஈறு சிவந்து வீங்கியிருந்தது.

"மீன் காரணமில்ல ஆன்டி. காறை படிஞ்சு ஈறு கெட்டுப்போச்சு. கிளீன் பண்ணி இந்தப் பல்ல எடுக்கணும். அப்புறம் தினமும் நாய் பேஸ்ட் போட்டு வெளக்கிவிடுங்க. ரொம்ப நாளா வலிச்சிருக்கும் லா."

எனக்கு எரிச்சலாக வந்தது. "வலிச்சா சாப்பிடுமா? தட்டக்கூட நக்கி வைக்குதே!"

"வலிச்சாலும் பசிக்கும்ல, ஆன்டி," என்றாள்.