ஸ்ப்ரே ரூமில் ஸ்டெல்லா அக்கா

போன வாரம் வெள்ளானூர் வீட்டுக்குப் புது அலமாரி வந்து இறங்கியது. கதவைத் திறந்ததும் குப்பென்று ஒரு வாசனை மூக்கில் ஏறியது. மனைவி ஜன்னலைத் திறக்க ஓடினாள். நான் என்னடாவென்றால் அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் சட்டை, சோறு, தலையணை எல்லாவற்றிலும் ஒட்டிக்கிடந்த, பாலீஷில் கலக்கிற தின்னர் வாசனை அது.

மண்ணூர்பேட்டையில் கட்டில், பீரோ செய்யும் ஒரு கம்பெனி. எனக்குக் கீல் மாட்டுகிற வேலை. நான் மாட்டிய கதவு மூடாது, மூடினால் திறக்காது, அப்பேர்ப்பட்ட தொழிலாளி. பின்பக்கத் தகர ஷெட்டில் ஸ்ப்ரே ரூம். அங்கே பாலீஷ் அடிப்பவர் அந்தோணி அண்ணன். மாஸ்க் என்று ஒன்று தூசி படிந்து ஆணியில் தொங்கும். கர்ச்சீப் கட்டினாலே பெரிய விஷயம். சாயங்காலம் ஆளுக்கொரு வெல்லக்கட்டியும் வாழைப்பழமும் கொடுப்பார்கள். நெஞ்சில் சேர்ந்ததையெல்லாம் அது வழித்துக்கொண்டு போய்விடுமாம். நாங்களும் நம்பித் தின்றோம். பழம் நன்றாகவே இருக்கும், குறை சொல்லக்கூடாது.

அண்ணன் கர்ச்சீப்பும் கட்டமாட்டார். ஒருநாள் டீ குடிக்கும்போது அவராகவே காரணத்தைச் சொன்னார். காய்ச்சலில் செத்துப்போன அவர் மனைவி ஸ்டெல்லா, ரூமுக்குள் பாலீஷ் புகை கட்டியதும் வந்து பேசுகிறாளாம்.

"மூஞ்சிய மூடிக்கினா வரமாட்டா நைனா."

தின்னர் தலைக்கேறினால் தேவலோகமே தெரியும் என்பது எங்களுக்குத் தெரியாதா? அவர் முதுகுக்குப் பின்னால் சிரித்தோம். ஆனால் அந்தக் கதவுப்பக்கம் போனால் சிரிப்பு வராது. உள்ளே அவர் ஏதோ கேட்பார், பேசாமல் இருப்பார், பிறகு "சரி, சரி" என்பார். நடுவில் அவர் பேசாமல் இருக்கும் நேரம் இருக்கிறதே, அதற்குள் நான் நடையைக் கட்டிவிடுவேன்.

ஒருநாள் மயங்கி விழுந்தார். இனிமேல் இந்தப் புகையை மூச்சில் இழுத்தால் ஆள் தங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனி பயந்துபோய் சுவரில் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தது, வடிகட்டி வைத்த புது மாஸ்க் வாங்கிக் கொடுத்தது. அண்ணன் மாட்டிக்கொண்டார். உடம்பு தேறியது, முகம் செத்துப்போயிற்று.

"காத்து நல்லாத்தான் கீது. அவதான் வர்ல," என்றார்.

அப்புறம் ஒரு மத்தியானம். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். கை கழுவப் பின்பக்கம் போனேன். ஃபேன் சுற்றவில்லை, ஸ்ப்ரேக்குக் காற்றடிக்கிற கம்ப்ரஸர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டினேன், பதில் இல்லை. யாரையாவது கூப்பிடுகிற சாக்கில் அங்கிருந்து நழுவப் பார்த்தேன். பயம்தான், வேறென்ன. அப்போது கதவுக்கு அந்தப்பக்கம், என் காதுக்கு நேரே, ஒரு பொம்பளைக் குரல் நிதானமாகச் சொன்னது.

"கதவ ஒடை தம்பி."

எங்கள் கம்பெனியில் பெண்களே கிடையாது. நான் நின்றதும் வெட்டவெளியில், நல்ல காற்றில்.

எப்படி உடைத்தேனோ தெரியாது. அண்ணன் தரையில் கிடந்தார், கழற்றிய மாஸ்க் பக்கத்தில் கிடந்தது. பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் என்னைக் கண்டபடி திட்டினார், இப்போதுதானே வந்தாள், அதற்குள் ஏன் உடைத்தாய் என்று. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அக்காதான் உடைக்கச் சொன்னாங்க என்று சொல்லிவிட்டேன். அண்ணன் எழுந்து உட்கார்ந்தார்.

"என்னாண்ட சொல்லாம உன்னாண்ட சொன்னாளா," என்றார். அழுதார்.

அதற்குப் பிறகு அவர் மாஸ்க் இல்லாமல் ஸ்ப்ரே கன்னைத் தொட்டதில்லை. அந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டிடம், கழுத்தில் அட்டை மாட்டிய பிள்ளைகள். அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டார், வயதாகித்தான். கடைசிவரை ஸ்டெல்லா அக்கா அவரிடம் வரவில்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் அண்ணன் ஒன்றையே கேட்பார், குரல் எப்படி இருந்தது, கோபமாகச் சொன்னாளா என்று. கோபமில்லை அண்ணே என்பேன். அக்கா குரலைக் கேட்டவன் என்று இனி நான் ஒருவன்தான் பாக்கி. எனக்கும் அந்தக் குரல் இப்போது ஞாபகத்தில் இல்லை.