ஒரே மின்னஞ்சலில் குடியிருந்த குடும்பம்

கணினி பழுதுபார்க்கிறவன் வீட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றச் சொல்கிறார்கள். கண்ணையும் கழற்றி வைத்துவிட்டு வா என்று சொல்ல இதுவரை யாருக்கும் தோன்றியதில்லை. பொன்னமராவதியில் எனக்குச் சின்னதாக ஒரு கடை. பாதி நாள் கடையில், பாதி நாள் வண்டியில். சுற்றுப்பட்டு ஊர்களில் யார் வீட்டு உலாவி என்ன உளறுகிறது என்பது எனக்குத் தெரியும். உலாவி என்றால் இணையம் பார்க்கிற பிரவுசர். நல்ல தமிழ்ச் சொல்தான். ஆனால் கடையில் அதைச் சொன்னால், காலையில் நடக்கப் போகிறவரைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

திரையில் "அனுமதிக்கவா?" என்று கேட்டதற்கெல்லாம் கல்யாண வாசலில் நிற்கிறவர் மாதிரி "வாங்க, வாங்க" என்று தலையாட்டிவிட்டு, பிறகு "ஏன் இப்படி மெதுவா ஓடுது?" என்று என்னைக் கூப்பிடும் அன்பர்களே, இது உங்களுக்காக. நானும் உங்கள் கட்சிதான். என் சொந்தக் கணினியில் ஒரு வானிலை நிரல் ஒரு மழைக்காலம் முழுக்க லண்டன் மழையைச் சொல்லிக்கொண்டிருந்தது. நானும் குடையோடு போய்வந்தேன்.

இங்கே சொல்வதெல்லாம் திருமயத்துக்குப் பக்கத்தில் ஒரே வீட்டில் நடந்தவை. பெயர்களை மாற்றியிருக்கிறேன். அந்தரங்கத்தைப் பற்றி எழுதிவிட்டு ஆளைக் காட்டிக்கொடுத்தால் அப்புறம் என்னை யார் வீட்டுக்குள் விடுவார்கள்?

வந்தவர்களை அனுப்பாத வீடு

ராமநாதன் அண்ணன் மதுரையில் இரும்புக்கடை நடத்தி, அதைக் கைமாற்றிவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். வீட்டில் அவர், மனைவி மீனாள் ஆச்சி, மருமகள் சிவகாமி. மகன் சொக்கலிங்கத்துக்குச் சென்னையில் வேலை, விடுமுறைக்கு வருவார். அண்ணனுக்கு அறுபதாம் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. பத்திரிகை அடிப்பது, பந்தல், சமையல்காரர் எல்லாம் அந்தக் கணினி வழியாகத்தான். அதுவோ மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

திறந்து பார்த்தால், வலது மேல்மூலையில் நீட்சிகள் வரிசை கட்டி நின்றன. நீட்சி என்பது உலாவியோடு ஒட்டிக்கொண்டு உபகாரம் செய்ய வருகிற குட்டி நிரல். ராசிபலன் சொல்ல ஒன்று, தள்ளுபடி தேட ஒன்று, பிடிஎஃப் மாற்ற சில, அவற்றுக்குள் யார் மாற்றுவது என்ற சண்டை வேறு. ராசிபலன் நீட்சி வாங்கியிருந்த அனுமதியை அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன்: எல்லாத் தளங்களிலும் உங்கள் விவரங்களைப் படிக்கவும் மாற்றவும். மேஷ ராசிக்குப் பலன் சொல்ல வந்தவனுக்கு உங்கள் பேங்க் பக்கத்தில் என்ன வேலை என்று கேட்டேன். அண்ணனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் ஒவ்வொன்றாக நீக்க நீக்க அவர் முகம் வாடியது.

கடைசியில் தமிழ்த் தட்டச்சு மட்டும் மிஞ்சியது. விளம்பரத்தைத் தடுக்க ஒன்று போடட்டுமா என்றேன். வேண்டாம், தங்கம் விலை விளம்பரம் வரும், ஆச்சிக்கு வளையல் எடுக்க வேண்டும் என்றார். நீக்கியவற்றைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டவர் சொன்னார்: "வந்தவுகளப் போன்னு சொல்லி நமக்குப் பழக்கமில்ல தம்பி. நீங்களே பக்குவமாச் சொல்லி அனுப்பி விட்டுருங்க."

வளையல் போய் வைத்தியர் வந்தார்

கொஞ்ச நாளில் மறுபடி அழைப்பு. இந்த முறை கணினி வேகமாகத்தான் ஓடியது. ஆனால் வளையல் விளம்பரம் வர வேண்டிய இடத்திலெல்லாம் கழுத்தைத் தடவிப் பார்க்கும் வைத்தியர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கழுத்துக் கட்டியா, தைராய்டா, தாமதிக்காதீர்கள் என்று. அண்ணன் கதவைச் சாத்திவிட்டு, "இன்னொண்ணு காட்டுறேன்" என்று "கல்யாண மண்டபம்" தேடுவதற்காகக் "க" என்று தட்டினார். கீழே வரிசையாக இறங்கின: கழுத்தில் கட்டி புற்றுநோயா, கழுத்தில் கட்டி வலிக்காமல் இருந்தால், கழுத்தில் கட்டி எத்தனை நாளில் தெரியும்.

நம் பக்கத்துக் கல்வெட்டுகள் பலவற்றை நான் வாசித்துப் பார்த்திருக்கிறேன். கல் தச்சன் யோசித்து, முடிந்த காரியத்தைத்தான் வெட்டுவான். உலாவி அப்படியில்லை, மனிதன் பயந்து பயந்து தட்டி அழித்ததைக்கூட வெட்டி வைத்துவிடுகிறது. இதில் எதையும் தான் தேடவில்லை என்றார் அண்ணன். அப்போதுதான் கேட்டேன், மின்னஞ்சல் கணக்கு யாருடையது என்று. வீட்டுக்கே ஒன்றுதானாம். குடும்பப் பெயரில் தொடங்கியது. அவர் கணினியும் கைபேசியும், ஆச்சி கைபேசி, சிவகாமி கைபேசி, சென்னையில் சொக்கலிங்கம், எல்லாரும் அதற்குள்தான் குடியிருக்கிறார்கள். ஆளுக்கொன்று வைத்தால் குடும்பம் பிரிந்துவிட்டது என்று பங்காளிகள் பேசுவார்களாம். ஆகவே ஒருவர் தேடினால் எல்லார் திரையிலும் மணி அடித்தது.

வைரஸாக இருக்க வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டிருந்தது முகத்தில் தெரிந்தது. குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "தம்பி, இது வைரஸா, இல்ல எங்க வீட்டு ஆளா?"

ஒரு சொடுக்குத் தூரம்

வைரஸ் இல்லை என்றேன். வீட்டில் யாருக்கோ கழுத்தில் கட்டி. அதை மறைத்துக்கொண்டு தனியாகப் பயந்துகொண்டிருக்கிறார்கள். அண்ணன் மனதில் அது ஆச்சிதான் என்று முடிவாகிவிட்டது. "அவளுக்குத்தான் எதையும் உள்ள வச்சுக்கிற பழக்கம்" என்றார். எந்தக் கைபேசியிலிருந்து தேடினார்கள் என்று பார்க்க முடியுமா என்று கேட்டார். முடியும். இந்தத் தொழிலின் சங்கடமே அதுதான், பெரும்பாலும் முடியும். என் சுட்டி அந்த வரியின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது.

"பாத்துரலாம்ணே. ஆனா அவுக வந்து உங்ககிட்ட சொல்றதுக்கும், நீங்க திருடிப் பாத்துத் தெரிஞ்சுக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்குல்ல" என்றேன். எனக்கும் ஆவலாகத்தான் இருந்தது என்பதை அவரிடம் சொல்லவில்லை. அண்ணன் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டு சொன்னார்: "மூடுங்க. என் கை அந்தப் பக்கமே போகாத மாதிரி எதையாச்சும் செஞ்சுட்டுப் போங்க."

ஆச்சியின் காபி

என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டே முகப்புக்கு வந்தேன். ஆச்சி காபியோடு நின்றார். சமையல் குறிப்பு பார்க்கிற அவர் கைபேசியிலும் அதே வைத்தியர்கள். "அவுகளுக்குத்தான் தம்பி. ரெண்டு மாசமாச் சட்டைக் காலர் பட்டன் போடுறதில்ல. கேட்டா வெக்கையாம்" என்றார்.

அப்புறம்தான் சில விஷயங்கள் விளங்கின. அந்த வீட்டில் கொஞ்ச நாளாகச் சண்டையே இல்லை. அண்ணன், ஆச்சி அடுப்படியில் நிற்கக் கூடாதென்று சமையலுக்கு ஆள் வைத்திருந்தார். ஆச்சி, அண்ணனுக்குப் பிடிக்குமென்று நாளும் தன் கையாலேயே கந்தரப்பம் என்கிற இனிப்பைச் சுடுவதற்காக, அந்தச் சமையற்காரியை அடுப்படியிலிருந்து துரத்திக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவர் கழுத்தை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதைப் புதுமாப்பிள்ளை வீட்டுக் காட்சி என்றல்லவா நான் நினைத்திருந்தேன். ஆச்சி டம்ளரை வாங்கிக்கொண்டு சொன்னார்: "எனக்குத் தெரியும்னு அவுகளுக்குத் தெரிய வேணாம். அறுபதாங் கல்யாணம் வரைக்கும் சந்தோசமா இருக்கட்டும்."

புள்ளிக்கு ஓர் அறை

எங்கள் பக்கத்துப் பழைய பெரிய வீடுகளில், மகனுக்குக் கல்யாணம் ஆனால் அவன் தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பக் கணக்கு. கோயில் வரியும் புள்ளிக் கணக்குத்தான். முற்றத்தைச் சுற்றிப் புள்ளிக்கு ஓர் அறை. அறைக்கு ஒரு பூட்டு. சாவி அவரவர் இடுப்பில். பங்காளிகள் அத்தனை பேரும் ஒரே கூரைக்குக் கீழ் தலைமுறைக் கணக்கில் பகையில்லாமல் இருந்ததற்கு அந்தப் பூட்டுகளே காரணம் என்பது என் சொந்த ஆராய்ச்சி முடிவு. அப்படி அறைக்கு அறை பூட்டுப் போட்ட வம்சம், மின்னஞ்சலை மட்டும் முற்றத்தில் போட்டு வைத்திருந்தது. இதை அண்ணனிடம் சொன்னேன். உடனே பிடித்துக்கொண்டார். கணினியில் ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு சுயவிவரம். ஒவ்வொன்றிலும் விளம்பரத் தடுப்பு ஒன்று, கடவுச்சொல் பெட்டகம் ஒன்று. தளத்துக்குத் தளம் பின்னாலேயே வந்து வேவு பார்க்கிற மூன்றாம் ஆள் குக்கிகளுக்குத் தடை. இருப்பிடத்தையும் அறிவிப்பையும் கேட்டால் இல்லை என்பதே பதில். தேடல் வரலாறு தானே அழியும். பிரிவினை அரை நாளில் முடிந்தது.

சிவகாமியின் முறை வந்தபோது அவர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "இதுல தேடுனா யாருக்கும் தெரியாதுல்லண்ணே?" என்றார். அவர் கை கழுத்துப் பக்கம் போய்ச் சேலையைச் சரிசெய்தது. எனக்குப் புரிந்துவிட்டது. தேடுகிற கம்பெனிக்காரனுக்குத் தெரியும், இணைய இணைப்புக் கொடுக்கிறவனுக்கு எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பதுவரை தெரியும், வீட்டுக்குத் தெரியாது என்று இலக்கண சுத்தமாகப் பதில் சொன்னேன். பிறகு, "டாக்டருக்குத் தெரிஞ்சாகணும்மா" என்றும் சொன்னேன். திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் முன்பதிவு செய்துவிட்டாராம். சேலை எடுக்கப் போவதாக வீட்டில் சொல்லிக்கொள்வாராம். கைபேசியையும் பிரித்துவிடலாமா என்றதற்குத் தலையாட்டி மறுத்தார். அதை வாங்கி நான் நோண்டினால் அத்தை என்னவென்று கேட்பார்களாம்.

கணவருக்காவது சொல்லியிருக்கலாமே என்றேன். அவருக்குச் சொன்னால் அடுத்த நிமிஷம் அம்மாவுக்குப் போன் போகுமாம். எழுந்துகொண்டே சொன்னார்: "வீட்டுக்குத் தெரியாம இருந்தாப் போதும்ணே. மாமாவும் அத்தையும் மாலை மாத்தி முடியட்டும், அப்புறம் என்னவோ ஆகட்டும்."

விராலிமலையில் ஒரு காபி

முன்பதிவு செய்தபோது ஆஸ்பத்திரித் தளம் "நினைவூட்டவா?" என்று கேட்டிருக்கிறது. சிவகாமியும் நம்மைப் போலத்தான். "வாங்க, வாங்க" என்று அழுத்திவிட்டார். கைபேசிகளெல்லாம் இன்னும் பொதுக் கணக்கில்தான், நாட்காட்டியும் பொதுதான். போக வேண்டிய நாளுக்கு முதல் நாள் சாயங்காலம் எல்லார் கைபேசியிலும் ஒரே நேரத்தில் மணி அடித்தது: நாளை காலை, தைராய்டு மருத்துவர், திருச்சி. யார் போகிறார்கள் என்று அதில் இல்லை. ஆளாளுக்குக் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள்.

மீதியை ஆச்சி சொல்லித்தான் கேட்டேன். காலையில் அண்ணன், "திருச்சியில ஒரு சோலி, நீயும் வா மீனா" என்று காரை எடுத்தாராம். ஆச்சி ஏற்கெனவே புடவை மாற்றித் தயாராக இருந்தாராம். சேலை எடுக்க வேண்டும் என்று சிவகாமியும் பையோடு வந்து பின்னால் ஏறினாராம். ஒருவருக்கொருவர் தெம்பூட்டிக்கொண்டு விராலிமலை வரை போனார்கள். காபி குடிக்க நிறுத்திய இடத்தில், "பயப்படாத மீனா, நான் இருக்கேன்ல" என்றார் அண்ணன். "எனக்கென்ன பயம்? உங்களுக்குத்தானே காட்டப் போறோம்" என்றார் ஆச்சி. "எனக்கா? எனக்கு என்ன கேடு?" "அப்ப எனக்கா?" இருவரும் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து மெதுவாகப் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். சிவகாமி அழுதுகொண்டே சொன்னாராம்: "எனக்குத்தான் அத்தை. உங்க காபி ஆறுது, குடிங்க."

மிச்சம் வைத்த ஒரு மணி

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினால், சென்னையிலிருந்து பஸ் பிடித்து வந்த சொக்கலிங்கம் பையோடு நின்று அப்பாவின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்கேன் எடுத்தார்கள், ஊசியால் கட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும் வரை அந்த வீட்டிலிருந்து எனக்கு ஒரு அழைப்பும் இல்லை. கடையில் உட்கார்ந்துகொண்டு, யாருடைய கணினியையோ திறந்து வைத்து, எங்கே திருகாணியை வைத்தேன் என்று தேடிக்கொண்டிருந்தேன். கடைசியில் அண்ணன் கூப்பிட்டார். சாதாரணக் கட்டிதானாம். மருந்துகூட வேண்டாம், அவ்வப்போது ஸ்கேன் பார்த்துக்கொண்டால் போதுமாம். பிறகு, சமையற்காரியை ஆச்சி அனுப்பிவிட்டதாகவும், பட்டன் போடாததற்குக் காலையிலேயே திட்டு வாங்கியதாகவும் மகிழ்ச்சியோடு தெரிவித்தார்.

அறுபதாம் கல்யாணத்துக்கு முந்தின வாரம் கைபேசிகளைப் பிரிக்கப் போனேன். வரலாறு தனி, கடவுச்சொல் தனி, படங்கள் தனி. சிவகாமி தன் கைபேசியை அவராகவே நீட்டினார். எல்லாம் முடிந்து, நாட்காட்டியையும் பிரிக்கப் போகும்போது ஆச்சி என் கையைத் தடுத்தார். "மத்தது எல்லாத்தையும் பிரிங்க தம்பி. ஆஸ்பத்திரிக்குப் போற மணி மட்டும் எல்லாருக்கும் அடிக்கட்டும்."

அன்றிலிருந்து அந்தரங்க அமைப்புகளில் எதைப் பூட்டலாம், எதைத் திறந்து வைக்கலாம் என்று யார் கேட்டாலும் அரை மணி நேரம் விரிவாக விளக்கிவிட்டு, கடைசியில் ஆச்சி சொன்னபடியே செய்துவிட்டு வருகிறேன்.