அம்மன் இறங்காத மாலை

வைத்தியலிங்கத்துக்கு நம்பிக்கை எந்த நாளில் போனது என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. சட்டைப் பொத்தான் விழுந்த மாதிரிதான் அது. வீட்டுக்கு வந்து கழற்றும்போது தெரியும். வந்த வழியெல்லாம் தேடினாலும் கிடைக்காது. மற்றவர்களுக்கு இது பெரிய விஷயம் இல்லை. ஊரில் பாதிப் பேருக்கு அந்தப் பொத்தான் இல்லை. கோயிலுக்கு வருவார்கள், திருநீறு பூசுவார்கள், கற்பூரம் அணைவதற்குள் போனை எடுத்துப் பார்ப்பார்கள். ஆனால் வைத்தியலிங்கம் அந்த ஊரின் சாமியாடி.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, ஆற்றுத் தண்ணீர் எல்லா ஊருக்கும் பாய்ந்து முடித்துக் கடைசியாக வந்து சேரும் கடைமடை ஊர் அது. அங்கே காளியம்மன் இறங்குவதென்றால் வைத்தியலிங்கத்தின் குடும்பத்து ஆண்கள் மேல்தான் இறங்குவாள். அப்பா ஆடிய கடைசி வருஷங்களில் வைத்தியலிங்கம் குவைத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அப்பா இறந்ததும் வந்தவர் திரும்பிப் போகவில்லை. மூன்று மா குத்தகை நிலமும், பம்புசெட் மோட்டார் பழுது பார்க்கும் வேலையும், அப்பாவின் சிவப்புப் பட்டும் அவருக்கு வாய்த்தன.

முதல் வருஷம் பம்பை அடித்தபோது உடம்பு நிஜமாகவே நடுங்கியது. அம்மனா, அப்பாவை நினைத்து வந்த அழுகையா, காலையிலிருந்து கிடந்த பட்டினியா என்று அவருக்கே தெரியவில்லை. மறுவருஷம் ஒன்றும் வரவில்லை. ஊரே கைகூப்பி நின்றது. அப்பா எந்தத் தோளை முதலில் குலுக்குவார் என்பது சின்ன வயதில் பார்த்து அவருக்குத் தெரியும். குலுக்கினார். அன்றிலிருந்து வருஷா வருஷம் குலுக்கல்தான்.

மனைவி ஈஸ்வரிக்கு மட்டும் தெரியும். "மலையேறுன கையோட காபி கேக்குற சாமி இந்த ஜில்லாவுலயே நீங்க ஒருத்தர்தான்" என்பாள்.

கல்யாணம் பேசலாமா, கடை போடலாமா என்று வந்து கேட்பவர்களுக்கு யாருக்கும் கெடுதல் வராத பதிலாகப் பார்த்துச் சொல்லிவிடுவார். அது கூடப் பரவாயில்லை. வயதில் மூத்தவர்கள் காலில் விழுவதைத்தான் தாங்க முடியவில்லை. அதிலும் ராஜாத்தி. புருஷன் போன பிறகு தனியாளாக நின்று இரண்டு மா நிலத்தைப் பயிர் செய்கிறவள். ஊருக்குள் யாருக்கும் தலை குனியாதவள், அவர் காலடியில் மட்டும் நெற்றி மண்ணில் பட விழுவாள். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

"இந்த வருஷம் திருவிழா முடிஞ்சதும் ஊர்ல சொல்லிடறேன். வேற ஆளப் பாத்துக்கட்டும்" என்றார் ஈஸ்வரியிடம்.

"போன வருஷமும் இதைத்தான் சொன்னீங்க. நான் உப்புமா கிண்டிட்டிருந்தேன், ஞாபகம் இருக்கு."

திருவிழா முடியும் வரைக்கும் காலம் அவருக்குத் தவணை கொடுக்கவில்லை.

மாசித் திருவிழாவுக்குக் கையில் காப்புக் கட்டிவிட்டால், அதை அவிழ்க்கும் வரை யாரும் கதிரை அறுக்கக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். அது யாருக்கும் தொல்லையாக இருந்ததில்லை. எப்போதும் காப்புக்கு முன்னாலேயே அறுப்பு முடிந்துவிடும். இந்த வருஷம் தண்ணீர் பிந்தியது, நடவும் பிந்தியது. காப்புக் கட்டிய கையோடு பார்த்தால் வயல் முழுக்கக் கதிர் முற்றித் தலை சாய்த்து நிற்கிறது. கடலில் காற்றழுத்தத் தாழ்வு, கனமழை என்று எல்லார் போனிலும் ஒரே செய்தி. மழை விழுந்தால் கதிர் சாயும். சாய்ந்த நெல் தண்ணீரில் கிடந்து முளைத்துவிடும்.

காலையில் நாட்டாமை தியாகராசன் வந்தார். மேட்டுப்பக்கம் பெரிய வெள்ளாமை அவருடையது.

"வைத்தி, அறுப்பு மெஷினுக்குச் சொல்லி வச்சிட்டேன்."

"காப்பு இருக்கேண்ணே."

"அதுக்குத்தான் வந்தேன். சாயங்காலம் உத்தரவு கேப்போம். அம்மாவே அறுக்கச் சொல்லிட்டா ஒருத்தனுக்கும் பேச்சில்ல பாரு."

"ஊர்க்கூட்டம் போட்டு நீங்களே சொல்லலாமே."

"நான் சொன்னா, நாளைக்கு எவன் வீட்டு மாடு செத்தாலும் எம் பேர்லதான் எழுதுவான். அம்மா பேர்ல எவன் எழுதுவான்?"

"அம்மா வேணாம்னுட்டா?"

தியாகராசன் சிரித்தார். "சொல்ல மாட்டா. உனக்கும் மூணு மா நிக்குதுல்ல?"

அவர் போன பிறகு வைத்தியலிங்கம் வாசலிலேயே நின்றார். அப்படியென்றால் நாட்டாமைக்கும் பொத்தான் இல்லை. மதியத்துக்குள் இன்னும் இரண்டு பேர் வந்து அதே பேச்சைச் சுற்றி வளைத்துப் பேசிவிட்டுப் போனார்கள். அம்மனுக்கு யாரும் பயந்த மாதிரி தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் அம்மனுக்குப் பயப்படுவானே என்றுதான் எல்லாரும் பயந்தார்கள்.

"ஒரு பொய்தான் ஈஸ்வரி. ஊர் நெல்லு முச்சூடும் வீடு வந்து சேர்ந்துரும். நல்லதுக்குத்தானே?"

"நல்லதுக்குத்தான்" என்றாள் அவள், அரிசியைக் களைந்தபடி. "அடுத்த வருஷம் இன்னொரு நல்லது வரும். அதுக்கும் நீங்கதான் குலுக்கணும்."

சாயங்காலம் வாய்க்கால் கரைக் கோயிலில் ஊர் கூடியது. மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். கையில் வேப்பிலை கொடுத்தார்கள். பம்பை தொடங்கியது. வைத்தியலிங்கம் கண்ணை மூடி நின்றார். ஒருவேளை இன்றைக்கு வந்துவிட்டால் எவ்வளவு நிம்மதி என்றுகூட நினைத்தார். வரவில்லை. தோள் தானாக எழும்பப் பார்த்தது, அடக்கிக்கொண்டார். பம்பைக்காரர் வேகத்தைக் கூட்டினார், இன்னும் கூட்டினார், கடைசியில் கை ஓய்ந்து நிறுத்திவிட்டார்.

தியாகராசன் கற்பூரத் தட்டோடு முன்னால் வந்தார். "தாயே, வந்துட்டியா?"

"வரலண்ணே" என்றார் வைத்தியலிங்கம். "நான்தான் நிக்கிறேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினார்கள்.

"இன்னைக்கு மட்டுமில்ல. மொத வருஷத்துக்கப்புறம் எம்மேல அம்மா வந்ததேயில்ல. அப்பா ஆடுனதைப் பாத்து ஆடுனேன். இன்னைக்கும் ஆடி, அறுங்கன்னு சொல்லலாம். மனசு வரல. அறுக்கணும்னுதான் நானும் நெனைக்கிறேன். ஆனா அது என் நெனப்பு."

பெண்கள் பக்கத்திலிருந்து ராஜாத்தி எழுந்து வந்தாள். முகம் கறுத்திருந்தது.

"அப்ப வருஷா வருஷம் நான் விழுந்தனே, அது யாரு காலு?"

"என் காலுதாங்க்கா."

"நீ எனக்குச் சின்னவன்."

"ஆமாங்க்கா."

"அப்ப நீ விழு எங்கால்ல!"

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் சிவப்புப் பட்டோடும் ஈரத் தலையோடும் வைத்தியலிங்கம் அப்படியே மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். ராஜாத்தி பாம்பைக் கண்டவள் போலத் துள்ளிப் பின்னால் போனாள். "ஐய, எந்திரிடா! எந்திரி தம்பி! பொம்பள கால்ல விழுந்துகிட்டு!"

அவர் எழுந்தபோது நெற்றியில் மண் ஒட்டியிருந்தது. ராஜாத்தி அவரைப் பார்த்தாள், பிறகு கோயிலுக்குள் பார்த்தாள்.

"எனக்கு அவ இருக்கா. உனக்கு இல்லேன்னா அது உம்பாடு" என்றாள். "வரலேன்னா அவளுக்கு என்ன சோலியோ. எனக்கு நெல்லு நிக்குது. நான் அறுக்கப் போறேன்."

"காப்பு?" என்றார் தியாகராசன்.

"கையிலதான் இருக்கு. கையோடதான் அறுப்பேன். கோவிச்சுகிட்டான்னா எங்கிட்டயே கோவிச்சுக்கட்டும், உங்க வீட்டு மாட்டுகிட்ட வரமாட்டா."

இந்தத் தடவை சிரிப்பு நிற்கவில்லை. அதற்குப் பிறகு ஆளாளுக்குப் பேசினார்கள். மெஷின் முதலில் யார் வயலில் இறங்குவது என்று சண்டை வந்தது. முதல் அறுப்பு நாட்டாமை வயலில்தான் என்பது, அடுத்த அறுப்புக்கென்று அம்மன் ஒவ்வொரு திருவிழாவிலும் கொடுத்த உத்தரவு. அதாவது வைத்தியலிங்கம் கொடுத்தது. இன்றைக்கு அதைச் சொல்ல யாரும் இல்லை. பள்ளத்து வயல்தான் முதலில் முழுகும், அங்கிருந்து தொடங்கினால்தான் ஞாயம் என்று பின்னால் இருந்து ஒருவர் சொன்னார். தியாகராசன் முறைத்தார். இருட்டுவதற்குள் முறைப்பு தளர்ந்தது. மெஷின்காரருக்குப் போன் போட்டு, பள்ளத்தில் இருக்கும் ராஜாத்தி வயலுக்கு வழி சொன்னவரும் அவர்தான்.

மழை வருவதற்குள் பெரும்பாலும் முடிந்தது. மேட்டு வயலில் கொஞ்சம் நனைந்தது. தியாகராசன் அதை வருஷம் முழுக்கச் சொல்லிக் காட்டப்போகிறார். திருவிழாவும் நடந்தது. பம்பைக்காரர் அடித்தார். அம்மன் யார் மேலும் இறங்காமலே தேர் நிலைக்கு வந்து சேர்ந்தது. வடம் பிடித்தவர்களில் வைத்தியலிங்கமும் ஒருவர். அவரை யாரும் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. ஓரிருவர் முகம் கொடுத்துப் பேசாமல் போனதும் உண்மை.

பங்குனியில் ஒருநாள் அவர் மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தபோது ராஜாத்தி வந்தாள்.

"சாமிகிட்ட கேக்க வரல. உங்கிட்டதான் வந்தேன். அடுத்த போகத்துக்கு நடவு வேணாம், நேரடியா வெதச்சுப்புடுன்னு சொல்றானுங்க. தண்ணி எப்ப வரும்னே தெரியாதாம். நீ என்ன சொல்ற?"

வைத்தியலிங்கம் கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்தார்.

"எனக்குத் தெரியலக்கா" என்றார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்தது. "உக்காருங்க. பேசிப் பாப்போம். ஈஸ்வரி, ரெண்டு காபி!"

"மூணு" என்றாள் ஈஸ்வரி உள்ளேயிருந்து. "நானும் வரேன்."