நான் மை நிரப்பிய கல்

நேற்று என் மகள் எனக்கு உதவி செய்தாள். நான் எழுதி முடித்த கடிதம் சீக்கிரம் காயட்டும் என்று அதன் மேல் இடியப்ப மாவைத் தூவிவிட்டாள். நான்கு வயது. ஓங்கிய கையை இறக்கிவிட்டேன். பிறகு, இறக்கியது சரியா, கண்டிக்காமல் விட்டால் இதுவே பழகிவிடுமா என்று மத்தியானம் முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன். உதவி என்று யாராவது சொன்னால் எனக்கு ஒரு தகரக் குழல்தான் நினைவுக்கு வரும்.

அப்போது எனக்கு எட்டு வயது. ஐயா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) சிகாமட் ரயில் நிலையத்தில் கிளார்க். தண்டவாளத்தை ஒட்டியிருந்த ரயில்வே வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அம்மா யாழ்ப்பாணத்தை விட்டுக் கப்பலேறி இங்கே வந்து ஒன்பது வருடம். ஒருமுறைகூடத் திரும்பிப் போனதில்லை. அந்த ஒன்பது வருடத்தை அவள் யாரிடமும் குறையாகச் சொன்னதாக நினைவில்லை. ரயில் தெற்கே, கப்பல் துறைமுகத்துப் பக்கம் போகும்போது மட்டும், கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு அது மறையும்வரை பார்ப்பாள்.

அந்தத் தெற்கிலிருந்து வந்த ரயிலில்தான் அம்மாவின் தம்பி வந்து இறங்கினார். இலங்கையில், திருகோணமலைக் காட்டுக்குள் இடிந்து கிடந்த பழைய பௌத்த விகாரைகளைத் தேடி அளந்து எழுதும் வேலை அவருக்கு. காட்டுக் காய்ச்சல் அவரை உருக்கிவிட்டிருந்தது. ஒரு வருடம் காட்டுப்பக்கம் போகாதே என்று டாக்டர் சொன்னதும் அக்காவைத் தேடி வந்துவிட்டார். கையில் ஒரு பெட்டி, தோளில் ஒரு நீளமான தகரக் குழல். நிலையத்துப் போர்ட்டர் தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர். குழலைப் பார்த்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"என்னங்க சாமி, துப்பாக்கிங்களா?"

"துவக்கில்லை. ஒரு கல்லு."

போர்ட்டர் குழலை வாங்கித் தூக்கிப் பார்த்தார். "கல்லயே பாயாட்டம் சுருட்டிக்கிட்டு வந்துட்டீங்களா? பெரிய ஆளுதாங்க நீங்க!"

அது உண்மையில் கல்தான் என்று மாமா வீட்டுக்கு வந்து எங்களுக்குக் காட்டினார். குழலிலிருந்து ஒரு பெரிய காகிதத்தை உருவி மேசைமேல் விரித்தார். முழுவதும் கறுப்பு. அதில் வெள்ளையாகக் கோடுகளும் வளைவுகளும்.

"மருமோளே, இஞ்சை வா. உந்தக் கறுப்புத்தான் கல்லு. வெள்ளையாய்க் கிடக்கிறது எழுத்து. விளங்குதோ?"

விளங்கியது என்று தலையாட்டினேன். கல்லைக் கழுவி, ஈரக் காகிதத்தை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி வெட்டுகளுக்குள் இறக்குவார்களாம். பிறகு மேலே மை ஒற்றுவார்கள். பள்ளத்தில் இறங்கிய இடத்தில் மை படாது. அதனால் எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கும். இதையெல்லாம் அவர் முதல் நாளே சொன்னார், நான் தலையாட்டினேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அந்தக் கல், காட்டுக்குள் உடைந்த குளமொன்றின் கட்டருகே இருந்த விகாரையின் தூண். அங்கே செங்கல் தூபியின் உச்சியில் பாலை மரம் முளைத்து நிற்கிறதாம். படிகள் ஏறுகின்றன, ஏறிப் போனால் ஒன்றுமில்லை. பிக்குகள் இருந்த அறைகளில் கரடி படுக்கிறது. அவர்களுக்குச் சோறு கொட்டி வைத்த கல்தொட்டி தோணி அளவு நீளம். இப்போது மழைத் தண்ணீர் நிறைந்து மான்கள் குடிக்கின்றன. தலையில்லாத புத்தர் சிலை ஒன்று. தேன் எடுக்கப் போகிறவர்கள் யார் எவர் என்று கேட்காமல் அதன் முன் ஒரு கொப்பை முறித்து வைத்துவிட்டுப் போவார்கள்.

அம்மா அடுப்பை மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "புத்தகோயில் தூணிலை தமிழோ, தம்பி?"

"ஓம் அக்கா. எங்கடை பழைய எழுத்துத்தான். ஒரு பொம்பிளை விளக்கெரிக்க நெய்க்கெண்டு பசு குடுத்திருக்கிறாள்."

"சைவக்காரியோ?"

"அதைக் கேக்க அவள் இல்லையே."

"பேர் என்ன?"

"அதுதான் இன்னும் பிடிபடேல்லை. மூண்டாம் வரியிலை இருக்கவேணும். வாசிச்சிட்டுச் சொல்லுறன்."

அன்றிலிருந்து அவருக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோகும்போதெல்லாம் அம்மா கேட்பாள்: "அவளின்ரை பேர் வந்திட்டுதோ?" பக்கத்து வீட்டில் குடிவந்த பெண்ணை விசாரிப்பது போலிருக்கும். இரண்டு வரியை மாமா கொப்பியில் எழுதிவிட்டார். மூன்றாம் வரி தேய்ந்த வரி. ஜன்னல் வெளிச்சத்தில் காகிதத்தைச் சாய்த்து, நாளுக்கு ஓரெழுத்து, சில நாள் அதுவுமில்லை. ஒரு நாள் அலுத்துப்போய், "எல்லாம் வெள்ளையாய் மங்கிக் கிடக்கு, கண் பூத்துப்போச்சு" என்றார். நான் பக்கத்தில் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில் ஊரிலிருந்து செய்தி வந்தது. குளத்து மதகைத் திருத்த வந்த ஒப்பந்தக்காரர், காட்டுக்குள் கல் எதற்கு என்று அந்தத் தூண்களை உடைத்து மதகில் போட்டுவிட்டாராம். மாமா அன்று சாப்பிடவில்லை. அடுத்த மாதம் அவருடைய அலுவலகத்திலிருந்து கடிதம். உடம்பு தேறியிருந்தால் திரும்பி வரலாம், வேலை இருக்கிறது. ஆனால் கல் போய்விட்டபடியால் அந்தக் காகிதத்தைக் கையோடு கொண்டு வரவேண்டும். கையால் எழுதிய பிரதி செல்லாது. கல்லைத் தொட்ட காகிதமே சாட்சி.

அம்மா அன்று மாலையே சொன்னாள்: "நானும் வாறன், தம்பி."

தனியாகக் கப்பலேறும் வழக்கம் பெண்களுக்கு இல்லை. ஐயாவுக்கு லீவு கிடைப்பதில்லை. துணைக்கு ஒருவர் வாய்த்தது ஒன்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை. ஊரில் அம்மாவின் தகப்பனார் படுத்த படுக்கையாக இருந்தார். கைக்குழந்தையாக இருந்த என் தம்பியை அவள் எடுத்துப்போவாள். எனக்குப் பள்ளி இருப்பதால் நான் ஐயாவோடு நிற்பது என்று முடிவாயிற்று.

"மூண்டு மாசம்தானே, பிள்ளை. கண்ணை மூடித் திறக்க முடிஞ்சிடும்."

நான் கொல்லைப்புறம் போய்க் கண்ணை மூடித் திறந்து பார்த்தேன். பலமுறை பார்த்தேன்.

அந்த வாரம் பள்ளியில் எங்களுக்குப் புதிய எழுத்துப் பயிற்சி. ஓரம் மட்டும் அச்சடித்து நடுவே வெறுமையாக விட்ட பெரிய எழுத்துகள். கோட்டைத் தாண்டாமல் உள்ளே மை நிரப்ப வேண்டும். என் வேலை சுத்தம் என்று ஆசிரியை என் தாளை வகுப்பு முழுவதற்கும் தூக்கிக் காட்டினார்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, மழை பெய்த ஒரு மத்தியானம். மாமா தபால் கந்தோருக்குப் போயிருந்தார். அம்மா அறைக்குள் டிரங்குப் பெட்டியில் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். காகிதம் மேசைமேல் விரிந்து கிடந்தது. வெள்ளையாய் மங்கிக் கிடக்கு என்று மாமா சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது. பேனாவையும் மைக்கூட்டையும் எடுத்தேன்.

மூன்றாம் வரியில்தான் தொடங்கினேன். முதல் எழுத்துக்குள் மை நிரப்பினேன். கோட்டைத் தாண்டவில்லை. நிரப்பி முடித்ததும் அந்த எழுத்து இல்லாமல் போயிற்று. சுற்றியிருந்த கறுப்போடு கறுப்பாகிவிட்டது. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு இரண்டாம் எழுத்துக்குப் போனேன்.

கடைசி வரிவரை நிரப்பினேன். கை வலித்தது.

மாமா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். மேசையருகே நின்றார். காகிதத்தை ஜன்னலில் பிடித்தார், திருப்பிப் பிடித்தார், பின்பக்கம் விரலால் தடவினார். மை ஊறி, பள்ளங்களும் தட்டையாகிவிட்டிருந்தன.

"ஆர் செய்தது?"

"நான்தான், மாமா. உங்களுக்கு உதவிக்கு."

அம்மா ஓடி வந்து பார்த்தாள். பிறகு என் தலைமயிரைப் பிடித்தாள். மாமா அவள் கையை விலக்கினார்.

"விடு அக்கா. குழந்தைப்பிள்ளை. கோட்டுக்கு வெளியிலை ஒரு துளிகூடப் போகேல்லை, பார். என்ன வடிவாய் நிரப்பியிருக்கிறாள்!"

அதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். நான் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

"எப்பிடிப் போறது இனி? என்னெண்டு சொல்லிப் போறது?" என்றாள் அம்மா.

"போகேல்லை" என்றார் மாமா.

மாலையில் ஐயா வந்து விஷயத்தைக் கேட்டார். "கடுதாசிதானே, மச்சான்" என்று ஆறுதல் சொன்னார். மூன்று மாதம் தானே சமைத்துச் சாப்பிடப் பயந்துகொண்டிருந்த மனிதர். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. மறுநாள் கடைத்தெருவிலிருந்து எனக்குப் பிஸ்கட் வாங்கி வந்தார்.

காகிதம் வழியில் மழையில் நனைந்துவிட்டதாக மாமா அலுவலகத்துக்கு எழுதினார். பதில் வரவில்லை. பெக்கான் நானாஸ் என்ற ஊரில் ஓர் அன்னாசித் தோட்டத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். கடைசிவரை இலங்கைக்குத் திரும்பவில்லை. அம்மாவின் தகப்பனார் அடுத்த மாரியில் காலமானார். தந்தி ரயில் நிலையத்துக்குத்தான் வந்தது. ஐயா அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்து வந்தார்.

என் கல்யாணத்தின்போது மாமா அந்தக் குழலை எனக்குத் தந்தார். இப்போது பெக்கோக் ஊரில் என் வீட்டு அலமாரிமேல் இருக்கிறது. மகள் தூங்கும்போது சில நாள் விரித்துப் பார்ப்பேன். மூன்றாம் வரியில் ஓரிடத்தில் மட்டும் என் பேனா தவறவிட்ட சிறு வெள்ளை வளைவு ஒன்று நிற்கிறது. ஓர் எழுத்தின் வாலாக இருக்கலாம். பசுக்களைக் கொடுத்தவளின் பேரில் மிஞ்சியது அவ்வளவுதான். உதவி செய்யத்தான் உட்கார்ந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். இரண்டாம் எழுத்துக்கு ஏன் போனேன் என்று கேட்டுக்கொண்டே காகிதத்தைச் சுருட்டிக் குழலுக்குள் போடுவேன்.

மை நிரப்பிய அன்று அது ஒரு கேள்வியாகவே எனக்குத் தோன்றவில்லை. யாரும் போகவில்லை, அது போதுமாக இருந்தது. பொழுது சாயும்போது அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து சேலைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். நான் பள்ளிப் பாட்டு ஒன்றை உரக்கப் பாடிக்கொண்டே வாங்கி வாங்கி அலமாரியில் வைத்தேன். அடியில், ஊரிலிருந்து வந்தபோது அவள் உடுத்திய சேலை இருந்தது. அதை மட்டும் அவள் என்னிடம் தராமல் முகத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். வேலை முடியவேண்டுமே என்று நான் கையை நீட்டியபடி நின்றேன்.

"தாங்கோ அம்மா" என்றேன். "நான் உதவி செய்யிறன்."